கடல் கடந்த கல்வியும் அதன் விலையும்

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரவேண்டும் எனச் செயலாளர் பணித்தார். எப்பொருளைக் குறித்து எழுதலாம் என்று எண்ணிக்கொண்டிருந்த ஒரு மாலையில், என்னிடம் முன்னர்ப் பயின்ற மாணவி ஒருவர் தம் தந்தையாருடன் ஐயப்பன்தாங்கலில் உள்ள என் இல்லத்திற்கு வந்தார். அவர் கையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. இரண்டும் மேற்படிப்பிற்கு இடம் அளித்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அனுப்பியவை. ஒன்று உலகப் புகழ் வாய்ந்தது. ஆனால் கட்டணம் முழுவதையும் மாணவியே செலுத்த வேண்டும். மற்றொன்று அத்துணைப் பெயர் பெற்றதன்று. ஆனால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பேராசிரியருக்கு உதவியாகப் பணிபுரிவதற்கு மாதந்தோறும் ஊதியமும் தருவதாக எழுதியிருந்தது.

தந்தையார் கொத்தனார் வேலை செய்பவர். அவர் என்னை நோக்கி, "சார், எங்க பரம்பரையில யாரும் பட்டணத்தைத் தாண்டினதில்ல. போறதுதான் போறா, பெரிய இடத்துக்கே போகட்டுமே. வீட்டு மேல கடன் வாங்கிடலாமா?" என்று கேட்டார். எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டு அவர்களை அனுப்பிவிட்டு, அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்து மீண்டும் படித்தேன். அண்ணல் அயல்நாடு சென்று பட்டங்கள் பெற்றார் என்பதை நம் சிறார்களும் அறிவர். ஆயின் அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, எந்நிபந்தனையோடு வந்தது, எப்போது நின்றது என்பவற்றை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரோடா அளித்த வாய்ப்பு

அண்ணல் 1907-ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேறினார். அவ்வெற்றியைப் பாராட்டிய கேளுஸ்கர் என்னும் ஆசிரியப் பெருமகன், பின்னர் அவரைப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அறிமுகப்படுத்தி வைத்தார். மன்னர் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளித்தார். அத்தொகையைக் கொண்டே அவர் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார், 1913-இன் தொடக்கத்தில் பரோடா அரசுப் பணியிலும் சேர்ந்தார். சேர்ந்த சில நாள்களிலேயே, பிப்ரவரி 2 அன்று, தந்தையார் ராம்ஜி சக்பால் மறைந்தார்.

அவ்வாண்டில் பரோடா அரசு மாணவர் சிலரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு அனுப்ப முடிவு செய்தது. அண்ணலும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1913 ஜூன் 4 அன்று அவர் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். மூன்றாண்டுக் காலத்திற்கு மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகை; படித்து முடித்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும். இவையே அவ்வேற்பாட்டின் சாரம்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். அவருக்கு அகவை இருபத்திரண்டு. தந்தையார் மறைந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. 1912 டிசம்பரில் பிறந்த மகன் யஷ்வந்த் ஆறு மாதக் குழந்தை. எந்தப் பல்கலைக்கழகம் என்பதைத் தீர்மானித்தது உதவி அளித்த அரசே. மூன்றாண்டுப் படிப்பிற்குப் பத்தாண்டுப் பணி என்பது எளிய விலையன்று. இருப்பினும் அவர் கையொப்பமிட்டார். அவ்வாண்டு ஜூலையிலேயே நியூயார்க் சென்று சேர்ந்தார்.

மூன்றாண்டுகள் என்னும் எல்லை

உதவி மூன்றாண்டுகளுக்கே என்பதை அவர் ஒருநாளும் மறந்தாரில்லை. பொருளாதாரத்தோடு சமூகவியல், வரலாறு, மெய்யியல், மானிடவியல் எனப் பல துறைகளிலும் பாடங்களைக் கேட்டார். செலிக்மன், ஜான் டூயி போன்ற பேரறிஞர்களிடம் பயின்றார். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் தோன்றி வளர்ந்த முறை குறித்துத் தம் புகழ்பெற்ற கட்டுரையைப் படித்தார். சேரிகளில் பிறந்தோரைப் பற்றிப் பிறரே எழுதிவந்த காலத்தில், அவர்களுள் ஒருவர் உலக அறிஞர் அவையில் நின்று சாதியின் பிறப்பை ஆராய்ந்தார் என்பது நினைக்குந்தோறும் நெஞ்சை நிமிரச் செய்கிறது.

1916 அக்டோபரில் லண்டன் சென்று, பாரிஸ்டர் படிப்பிற்குக் கிரேஸ் இன்னிலும், பொருளாதார ஆய்விற்கு லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் சேர்ந்தார். ஆனால் உதவித்தொகைக் காலம் முடிந்தது. ஆய்வு பாதியில் நிற்க, 1917-இல் தாயகம் திரும்ப நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் மீண்டு வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் இசைவு அளித்தது. அந்த இசைவு ஒன்றே அவர் கொண்டுவந்த செல்வம் எனலாம்; ஏனெனில் தனியே வேறு கப்பலில் அனுப்பிய நூல்கள், உலகப் போரில் அக்கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியதால் கடலுக்கு இரையாயின.

கையொப்பத்தின் விலை

ஒப்பந்தப்படி அண்ணல் 1917 செப்டம்பரில் பரோடா சென்றார். மன்னரின் இராணுவச் செயலாளர் என்னும் பதவி கிடைத்தது. தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தம்மை மறைத்துக்கொண்டு தங்கினார். அலுவலகத்தில் ஏவலரும் கோப்புகளைக் கையில் கொடாது தூர நின்று எறிந்தனர். சில நாள்களில், கையில் தடியேந்திய பார்சியர் கூட்டம் விடுதிக்கு வந்து அவரை வெளியேற்றியது. வேறு புகலிடம் இன்றிப் பூங்கா ஒன்றில் பொழுதைக் கழித்து, இரவு இரயிலேறிப் பம்பாய் திரும்பினார். இரு கண்டங்களின் பல்கலைக்கழகங்கள் வரவேற்ற ஒருவருக்குப் பரோடா நகரில் ஓர் அறை இல்லை! அயல்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளில் தாம் தீண்டத்தகாதவர் என்ற உணர்வே தம் மனத்தைவிட்டு அகன்றிருந்ததையும், திரும்பியபின் அது மீண்டும் தம்மீது சுமத்தப்பட்டதையும் அவரே பின்னாளில் எழுதியுள்ளார்.

அயல்நாட்டுப் பட்டம் சாதியை அழித்துவிடும் என்று நம்புவோர் இந்நிகழ்ச்சியைக் கருதுதல் வேண்டும். பட்டம் சாதியை அழிக்கவில்லை; சாதியை எதிர்த்து நிற்கும் கருவியைக் கையில் கொடுத்தது.

மீண்டும் லண்டன்

விட்ட படிப்பை அண்ணல் விட்டுவிடவில்லை. 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஊதியத்தில் சிக்கனமாகச் சேமித்தார். கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். கொலம்பியாவில் உடன் தங்கிப் பயின்ற நண்பர் நவல் பாதேனா 5,000 ரூபாய் கடனாகக் கொடுத்தார். 1920-இல் மீண்டும் லண்டன் சென்றார். 1921-இல் எம்.எஸ்சி. பட்டமும், ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்விற்காக 1923-இல் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார். கொலம்பியாவின் பிஎச்.டி. பட்டம் முறைப்படி 1927-இலேயே கைக்கு வந்தது. ஆக, 1913-இல் தொடங்கிய பயணம் நிறைவுற்றது பதினான்கு ஆண்டுகள் கழித்தே. இடையில் அறிவு குன்றவில்லை, உழைப்பும் குன்றவில்லை. குன்றியது பணம் ஒன்றே.

முதன்முறை மன்னரின் பணத்தில் சென்றவர், அடுத்த முறை சேமிப்பிலும் நட்பின் கடனிலும் சென்றார் என்பதை நோக்குக. முதற்பணம் பத்தாண்டுப் பணியைக் கேட்டது. அடுத்தது அவரைத் தம் விருப்பப்படி வாழவிட்டது.

வீட்டில் இருந்தவர்

இவ்வரலாற்றில் பெரிதும் பேசப்படாதவர் ஒருவர் உளர். கணவர் கடல் கடந்திருந்த காலத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு வறுமையோடு போராடியவர் ரமாபாய் அம்மையார். உதவித்தொகைக் கணக்கில் அவருடைய பசிக்கு இடமில்லை. அவர் 1935 மே மாதத்தில் மறைந்தார். பாகிஸ்தான் சிக்கல் குறித்துப் பின்னர்த் தாம் எழுதிய நூலை அண்ணல் அவர் நினைவிற்கே உரிமையாக்கினார். ஒருவர் வெளிநாடு செல்லும்போது வீட்டில் இருப்போரும் அதற்கு விலை கொடுக்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

பிறர்க்குத் திறந்த கதவு

தமிழகத்திலிருந்தும் நம்மவர் கடல் கடந்ததுண்டு. இரட்டைமலை சீனிவாசனார் லண்டன் செல்லும் கருத்தோடு புறப்பட்டுத் தென்னாப்பிரிக்காவில் தங்கி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். அவரும் அண்ணலும் 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒருங்கே அமர்ந்து நம் மக்களின் உரிமைக்குக் குரல் எழுப்பினர்.

தாம் பட்ட துன்பம் பின்வருவோர்க்கு வரலாகாது என்று அண்ணல் கருதினார். வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்தபோது, 1942 அக்டோபரில் அரசுக்கு அளித்த கோரிக்கை மனுவில், தாழ்த்தப்பட்ட மாணவர் அறிவியலும் தொழில்நுட்பமும் பயில உள்நாட்டுப் படிப்பிற்கு ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாயும், வெளிநாட்டுப் படிப்பிற்கு 1 இலட்சம் ரூபாயும் ஒதுக்க வேண்டும் எனக் கேட்டார். 1944-இல் மெட்ரிக் படிப்பிற்கு மேற்பட்ட கல்விக்கான உதவித்தொகை தொடங்கியது. விடுதலைக்குப்பின் 1954-55-இல் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் தோன்றியது. ஒரு மன்னரின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது, இவ்வாறு குடிமக்களின் உரிமையாக மலர்ந்தது.

கேரளத்துச் சிற்றூரில் வறிய குடும்பத்தில் பிறந்த கே. ஆர். நாராயணன், டாட்டா உதவித்தொகை பெற்று 1945-இல் அண்ணல் பயின்ற அதே லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்து பேராசிரியர் லாஸ்கியிடம் பயின்றார். 1997-இல் குடியரசுத் தலைவரானார்.

உரிமையாயினும் அதனைக் கண்காணிக்க வேண்டியவர்கள் நாமே. 2022-இல் மைய அரசின் திட்ட விதிகள் திருத்தப்பட்டபோது, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவற்றை ஆய்வுப் பொருளாகக் கொள்வோர்க்கு உதவி இல்லை என்றாயிற்று. 1916-இல் அண்ணல் படித்த கட்டுரையின் பொருளே சாதி அன்றோ! உதவி செய்யும் கை, எதைப் படிக்கலாம் என்பதையும் வரையறுக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. தமிழக அரசும் அண்ணலின் பெயரால் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை வழங்கி வருகிறது. இத்திட்டங்கள் இருப்பதை அறியாமலேயே கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் பெற்றோர் நம் பகுதியில் இன்றும் உளர்.

நான் அளித்த விடை

இரண்டு நாள் கழித்துத் தந்தையும் மகளும் மீண்டும் வந்தனர். வரலாறு கற்பித்த மூன்று வினாக்களை அவர்கள்முன் வைத்தேன். பணம் யாருடையது, அவர் திருப்பிக் கேட்பது யாது? படிப்பு முடியும் வரை அப்பணம் வருமா, இடையில் நிற்குமா? வீட்டில் இருப்போர் எதைக்கொண்டு வாழ்வர்? இவற்றிற்கு விடை தெரிந்தபின் பல்கலைக்கழகத்தின் புகழைப் பார்க்கலாம் என்றேன். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் வழியையும் கூறினேன். அது கிடைப்பின் முதற்கடிதத்திற்கும் இசையலாம். கிடைக்கும் என்று நம்பி வீட்டை ஈடு வைத்தல் ஆகாது என்றேன்.

மகள் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "சார், பதில் சொல்லவேண்டிய தேதிக்குள்ள அரசாங்கத்துப் பணம் வராது. நான் இரண்டாவது இடத்துக்கே போறேன். அப்பா வீடு அப்படியே இருக்கட்டும்" என்றார். தந்தையாரின் முகம் சற்று வாடிற்று. பெரிய பெயரை ஊராரிடம் சொல்ல எண்ணியிருந்தார் போலும். ஆயினும் அவர் மறுத்துரைக்கவில்லை.

ஒரு வேண்டுகோள்

கட்டணம் தள்ளுபடியானாலும், விசாவிற்கும் விமானச் சீட்டிற்கும் அங்குச் சென்று முதல் ஊதியம் வரும் வரையில் உண்பதற்கும் பணம் வேண்டும். அதைத் தருவார் இலர். அம்மாணவியின் உறவினரும் நண்பரும் ஆளுக்குச் சிறிது கொடுத்தே அத்தொகை திரட்டப்பட்டது. மன்னர்கள் மறைந்துவிட்டனர். ஆனால் நவல் பாதேனா போன்ற நண்பர் நமக்குத் தேவை. ஒருவர் தர இயலாததைப் பலர் சேர்ந்து தரலாம். ஆதலின் நம் கழகம் தன் இருபத்தாறாம் ஆண்டில் பயண நிதி ஒன்றை ஏற்படுத்தி, வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகளுக்கு வட்டியின்றிக் கடனாக வழங்க முன்வர வேண்டும். அவர்கள் ஊதியம் பெற்றபின் திருப்பித் தரட்டும். அப்பணம் அடுத்தவரை அனுப்பட்டும். அந்நிதிக்கு என் ஒரு மாத ஊதியத்தை முதற்காணிக்கையாக அளிக்க இசைகின்றேன்.

இந்நிதி தோன்றுமாயின், பொன்விழா மலரில் கட்டுரை எழுதப்போகிறவர் வீட்டை ஈடு வைப்பது பற்றி எழுதவேண்டிய நிலை இராது. கழகம் வாழ்க! கல்வி வளர்க!