நான்கு ஸ்க்ரூ

லியோ ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அவர். 1950-இல் கிட்டார் செய்தபோதும் ரிப்பேர்காரராகவே யோசித்தார். உள்ளே கூடில்லாத கெட்டி மரப்பலகை. அதில் கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் நான்கு ஸ்க்ரூவால் முடுக்கினார். கழுத்து வளைஞ்சு போச்சா? கழற்று, வேற மாட்டு. அவ்வளவுதான்.

முதலில் வைத்த பெயர் 'பிராட்காஸ்டர்'. அது எங்கள் டிரம்மின் பெயராச்சே என்று கிரெட்ச் நிறுவனம் ஆட்சேபித்தது. ஃபெண்டர் ஆட்கள் அச்சடித்து வைத்திருந்த ஸ்டிக்கரை வீணாக்கவில்லை. அந்தப் பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு ஒட்டினார்கள். 1951-இல் 'டெலிகாஸ்டர்' என்ற பெயர் வரும்வரை இப்படித்தான் ஓடியது. அந்தப் பெயரில்லாதவற்றுக்கு 'நோகாஸ்டர்' என்று பெயர் வைத்து, இன்று சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுக்கிறார்கள்.

வாங்கும் முன் கழுத்தைக் கழற்றி, அடியில் பென்சிலால் எழுதிய தேதியைத் தேடுவார்கள். உள்ளே சால்டரிங்கை யாராவது தொட்டிருந்தால் விலை இறங்கிவிடும். கழற்றி மாட்டுவதற்கென்றே செய்த பொருளில் எதையும் மாற்றாமல் இருப்பதுதான் மதிப்பாம்! லியோவின் கடையில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், ஃப்ரெட் மாற்றிய, மறுபடி பெயிண்ட் அடித்த பழசு ஒன்றைப் பாருங்கள். சேகரிப்பாளர் ஒதுக்கியது என்பதாலேயே விலை குறைவாக இருக்கும்.