குளிர், கொடி, காடு: பர்கண்டி வெள்ளை வைனின் வரலாறு குறித்து

(நீண்ட பதிவு. பண்ட வரலாற்றிலும் சுற்றுச்சூழல் வரலாற்றிலும் ஆய்வைத் தொடங்கும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது.)

சர்க்கரைக்கு வரலாறு உண்டு என்பதை 1985-இல் வெளிவந்த சிட்னி மின்ட்ஸின் நூலுக்குப் பிறகு எவரும் மறுப்பதில்லை. தேயிலைக்கும் பருத்திக்கும் அவ்வாறே. ஒரு பண்டத்தின் சுவைக்குப் பின்னால் அடிமை உழைப்பும் கப்பல் வணிகமும் காலனிய அரசும் இருப்பதைக் காட்டுவது இன்று நமக்குப் பழகிப்போன ஆய்வு முறை. வைன் பற்றிய எழுத்தோ இன்னும் பெரிதும் சுவைஞர்களிடமே இருக்கிறது. அவர்கள் உரிச்சொற்களை அடுக்குவார்கள். வரலாற்றாளர்கள் ஒதுங்கி நிற்பார்கள். குளிர்நிலத்தில் விளைந்து, ஓக் மரப் பீப்பாயில் முதிர்ந்த ஒரு வெள்ளை வைன் ஏன் இத்தனை பேரை ஈர்க்கிறது என்ற கேள்வி சுவைஞர்களுக்கு மட்டும் உரியதன்று. எந்தக் குணம் எப்போது சிறப்பாகக் கருதப்பட்டது, யாருடைய உழைப்பால் அது உருவானது என்பவை வரலாற்றுக் கேள்விகள்.

எடுத்துக்காட்டாக, பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் ஷார்டனே திராட்சையிலிருந்து உருவாகும் வெள்ளை வைனைக் கொள்வோம். மெர்சோ, பூலிஞி முதலிய சிற்றூர்களும், வடக்கே தனித்து நிற்கும் ஷாப்லியும் இதற்குப் பெயர்பெற்றவை.

முதலில் அதன் இயல்பு. குளிர்ந்த நிலத்தில் திராட்சை மெதுவாகப் பழுக்கிறது. வெப்ப நிலத்தில் விரைவில் கரைந்துபோகும் மாலிக் அமிலம் இங்கே கனியில் மிகுதியாகத் தங்குகிறது; சர்க்கரை அளவோடு நிற்கிறது. ஆகவே இளம் வைன் கூர்மையான புளிப்புடையது. அதைப் பீப்பாயில், நொதித்து அடங்கிய ஈஸ்ட் வண்டலோடு பல மாதங்கள் வைக்கிறார்கள். அப்போது பாக்டீரியா மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. வெண்ணெயை நினைவூட்டும் மணம் இம்மாற்றத்தின் துணைவிளைவு. வண்டல் வைனுக்குத் திண்மை தருகிறது. நெருப்பில் வாட்டிய ஓக் பலகை வனிலாவின் மணத்தையும், கிராம்பின் சாயலையும், மெல்லிய புகை வாடையையும் தருகிறது. மரத்தின் வழியே மிகச் சிறிதளவு காற்றும் உட்புகுந்து வைனை மெல்ல முதிர்விக்கிறது.

இவ்வைனின் ஈர்ப்பு இங்கேதான் இருக்கிறது. புளிப்பு அடியில் உறுதியாக நிற்க, அதன்மேல் செழுமை படர்கிறது. ஒன்றையொன்று அழிக்க வேண்டிய இரு குணங்கள் ஒரே குவளையில் சமநிலை கொள்கின்றன. அந்தப் புளிப்பே நல்ல வைனைப் பல ஆண்டுகள் கெடாமல் காக்கிறது. காலப்போக்கில் தேனும் கொட்டைப் பருப்பும் கலந்த மணம் அதில் தோன்றுகிறது.

வணிகம் இச்சமநிலையை விளக்க ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறது: டெருவார். மண், சரிவு, வெயில், மழை ஆகியவை கூடி ஒரு விளைபொருளுக்கு வழங்கும் தனித்தன்மை என்பது அதன் பொருள். ஷாப்லியின் சுண்ணாம்புக் களிமண்ணில் காணப்படும் சிறு சிப்பிப் புதைபடிவங்கள் இதற்கு வழக்கமான சான்றாகக் காட்டப்படுகின்றன. மண்ணும் சரிவும் முக்கியமல்ல என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'இயற்கை தந்தது' என்ற அந்த ஒற்றை விடை, குளிர், கொடி, மரம் என்ற மூன்றுக்கும் பின்னாலுள்ள மனித வரலாற்றை மறைத்துவிடுகிறது. மூன்றையும் தனித்தனியே பார்ப்போம்.

குளிர்

பர்கண்டியில் நெடுங்காலம் திராட்சை அறுவடையை அவரவர் விருப்பப்படி தொடங்க முடியவில்லை. ஊர் அதிகாரம் நாள் குறித்து அறிவித்தது. அறுவடைக்கு முன்னரான வசந்தமும் கோடையும் வெப்பமாயிருந்தால் நாள் முந்தும், குளிராயிருந்தால் பிந்தும். இந்த நாள்களைக் கொண்டு பழைய நூற்றாண்டுகளின் வானிலையை மீட்டெடுக்கலாம் என்பதை வரலாற்றுத் துறையில் வலுவாக நிறுவியவர் எமானுவல் லெ ருவா லதூரி. கி.பி. 1000 முதலான காலநிலை வரலாற்றைப் பற்றிய அவரது நூல் 1967-இல் வெளிவந்தது.

2019-இல் ஆய்வாளர் குழு ஒன்று போன் நகரின் அறுவடை நாள்களை 1354 முதல் 2018 வரை தொகுத்து வெளியிட்டது. அதன் முடிவு வியப்பூட்டுவது. 1987 வரையிலான நெடுங்காலத்தில் அறுவடை சராசரியாகச் செப்டம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. 1988 முதல் அது சராசரியாக 13 நாள்கள் முந்திவிட்டது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது, இத்தரவு எங்கிருந்து வந்தது என்பதை. பழைய நூற்றாண்டுகளுக்குப் பெருமளவு உதவியவை போன் நகரின் தேவாலயக் கணக்கேடுகள். திராட்சை பறித்த கூலியாள்களுக்கு எந்த நாளில் கூலி கொடுக்கப்பட்டது என்பதைக் கணக்கர்கள் எழுதிவைத்தார்கள். அவர்களுடைய நோக்கம் காசுக்குக் கணக்கு காட்டுவது மட்டுமே. பறித்தவர்களின் வாழ்க்கையைப் பற்றி அவ்வேடுகள் நமக்குச் சொல்வது சொற்பம். ஆயினும் அவர்கள் கூலி வாங்கிய நாள்தான் இன்று ஐரோப்பாவின் காலநிலை வரலாற்றுக்குச் சான்றாக நிற்கிறது. அதே வேளையில், அறுவடை நாளை வெப்பமானியின் அளவு போலவே வாசிப்பதும் பிழை. போர், கொள்ளைநோய், ஆள் பற்றாக்குறை, முதிர்ந்த பழத்தை விரும்பும் புதிய சுவை ஆகிய அனைத்தும் அந்நாளை நகர்த்தக்கூடியவை. ஆவணம் எதற்காக எழுதப்பட்டது என்று கேட்காமல் அதைப் பயன்படுத்த இயலாது.

கொடி

ஷார்டனே இன்று வெள்ளைத் திராட்சைகளின் அரசியாகக் கொண்டாடப்படுகிறது. அதன் பிறப்பு நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. 1999-இல் கலிபோர்னியா, பிரான்சு ஆய்வாளர்கள் இணைந்து வெளியிட்ட மரபணு ஆய்வு அம்முடிச்சை அவிழ்த்தது. ஷார்டனேயின் பெற்றோரில் ஒன்று, பர்கண்டியின் மதிப்புமிக்க பினோ. மற்றொன்று கூவே பிளாங்: உழவர்கள் தங்கள் அன்றாடத் தேவைக்குப் பயிரிட்ட, மிகுதியாகக் காய்க்கும், சுவையில் தாழ்ந்ததென இகழப்பட்ட கொடி. பல இடங்களில் அதைப் பயிரிடவே தடை இருந்தது. அந்த ஆய்வு இதே இணையின் வாரிசுகளாகப் பதினாறு வகைகளை இனங்கண்டது. பின்னர் வந்த ஆய்வொன்று ஷார்டனே உள்ளிட்ட பலவற்றுக்குத் தாய்க்கொடி கூவேயே என்று காட்டியது.

அப்பதினாறில் கமே என்னும் கறுப்புத் திராட்சையும் ஒன்று. 1395-இல் பர்கண்டிக் கோமகன் துணிவுடைய பிலிப், கமேயைக் கெட்டதும் நம்பத்தகாததுமான செடியென்று பழித்து, தன் நாட்டிலிருந்து வேரோடு பிடுங்க ஆணையிட்டார். பினோவின் பெயரைக் காப்பதே நோக்கம். ஆக, ஒரே பெற்றோருக்குப் பிறந்த இரண்டில் ஒன்று ஆணையால் துரத்தப்பட்டது. மற்றொன்று பிற்காலத்தில் முடிசூட்டப்பட்டது. குலத்தூய்மையில் பெருமை கொள்ளும் ஒரு மரபின் நடுவில், உயர்ந்ததும் இழிந்ததும் அடுத்தடுத்த வரிசைகளில் வளர்ந்து கலந்ததன் விளைவே நிற்கிறது. இந்தியாவில் வரலாறு பயில்வோருக்கு இதன் பொருளை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

கொடியை வளர்த்தவர்களில் துறவிகளை அனைவரும் அறிவர். 1098-இல் சித்தோ மடத்தில் தொடங்கிய சிஸ்டெர்சியன் துறவியர், 1114-இல் நிறுவப்பட்ட பொந்தீஞி மடத்தின் வழியாக ஷாப்லியின் தோட்டங்களுக்கும் வந்தனர். புரட்சிக்குப் பின் திருச்சபை நிலங்கள் அரசுடைமையாகி ஏலத்தில் விற்கப்பட்டன. துறவிகளின் பொறுமை பற்றிய கதைகள் சுற்றுலாக் கையேடுகளில் நிறைய உண்டு. அவர்களுக்குப் பின் வந்த உழவர்களின் கதை அந்த அளவு சொல்லப்படுவதில்லை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த பில்லோக்சரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் கொடிகளை அழித்தது. 1868-இல் தென்பிரான்சில் இனங்காணப்பட்ட அது, 1878-இல் மெர்சோவில் கண்டறியப்பட்டது. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவதே தீர்வு. பர்கண்டியின் தனித்தன்மை கெட்டுவிடும் என்ற அச்சத்தால் அங்கு அதற்கு 1887 வரை அனுமதி கிடைக்கவில்லை. இன்று 'இந்த மண்ணின் குரல்' என்று போற்றப்படும் கொடிகளில் ஏறத்தாழ அனைத்தும் அமெரிக்க வேரில் நிற்பவை. ஷாப்லியின் நிலை இன்னும் மோசமாயிற்று. பூச்சி, நோய், இருப்புப்பாதை வழியே பாரிசுக்கு வந்த தெற்கத்திய மலிவு வைன், போர்கள், வசந்த காலப் பனி ஆகியவை சேர்ந்து 1950-களில் அங்கே சுமார் 500 ஹெக்டேர் தோட்டமே எஞ்சியது. பின்னர் அது பத்து மடங்குக்கு மேல் விரிந்தது. தோட்டங்களில் அடுப்பு மூட்டியும், தளிர்மீது நீர் தெளித்து மெல்லிய பனிக்கட்டிக் கவசம் உண்டாக்கியும் உறைபனியைச் சமாளிக்கக் கற்றதற்கு அம்மீட்சியில் பெரும் பங்குண்டு. ஆகக் குளிர்கூட இயற்கை தந்ததை அப்படியே ஏற்றதன்று. இரவு விழித்துச் சமாளித்தது.

காடு

பீப்பாய் ரோமானியர் கண்டுபிடிப்பன்று. கால் நாட்டுக் கெல்ட்டிய மக்களிடமிருந்து அவர்கள் கற்றது. நெடுங்காலம் அது வெறும் கொள்கலன். பர்கண்டியில் 228 லிட்டர், ஷாப்லியில் 132 லிட்டர் என்று வட்டார அளவுகள் இருந்தன. வைன் பீப்பாயோடு விற்கப்பட்டது. புதிய ஓக்கின் மணத்தையே ஒரு சிறப்பாக நாடும் பழக்கம் பரவியது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

அந்த ஓக் எங்கிருந்து வருகிறது? பெயர்பெற்ற காடுகளில் ஒன்று நடுப்பிரான்சின் டிரோன்சே. பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1669-இல் கொண்டுவந்த வன ஆணை, கடற்படைக்கு மரம் வேண்டி அரசுக் காடுகளை ஒழுங்குபடுத்தியது. ஓக் முதிர ஒன்றரை முதல் இரண்டு நூற்றாண்டுகள் ஆகும். அந்த மரங்கள் முதிர்ந்தபோது போர்க்கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. நெருங்கி வளர்ந்ததால் நேராகவும் நுண்ணிழையோடும் ஓங்கிய அம்மரங்கள் பீப்பாய்த் தச்சர்களுக்கு வாய்த்தன. மரத்தை அறுக்காமல் இழையோட்டத்தில் பிளந்து, பலகைகளை வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் பதப்படுத்தி, நெருப்பின்மேல் வளைத்துப் பீப்பாய் கட்டுகிறார்கள்.

இந்த வன ஒழுங்குக்கு ஒரு விலை இருந்தது. 1824-இல் நான்சியில் வனக்கல்லூரி தொடங்கியது. 1827-இல் வனச்சட்டம் வந்தது. காட்டில் மேய்ச்சலும் விறகும் உழவர்களின் வழக்குரிமை என்ற நிலையை அச்சட்டம் கடுமையாகச் சுருக்கியது. 1829-இல் பிரனீசு மலையின் அரியேழ் பகுதியில் உழவர்கள் பெண் வேடமிட்டு வனக்காவலர்களை விரட்டிய கிளர்ச்சி, 'சீமாட்டிகளின் போர்' என்ற பெயரில் வரலாற்றில் நிற்கிறது.

இங்கே இந்திய வரலாறு குறுக்கிடுகிறது. இந்திய வனத்துறைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆங்கிலேய இளைஞர்களில் பலர் 1867 முதல் 1885 வரை பயிற்சி பெற்றது அதே நான்சிக் கல்லூரியில். அக்காலத்தின் நடுவில்தான் 1878-ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டம் வந்து, ஒதுக்கப்பட்ட காடுகளில் மக்களின் வழக்குரிமைகளைச் 'சலுகை'களாக மாற்றியது. பீப்பாய்க்கு நேர்த்தியான பலகையைத் தந்த அதே வனவியல் மரபு, நம் மலைகளில் தேக்கையும் வனக்குற்றத்தையும் ஒருங்கே வளர்த்தது. நமது வன வரலாற்றை லண்டனோடு மட்டும் இணைத்துப் படிப்பவர்கள் இந்தப் பிரெஞ்சுக் கிளையையும் கவனிக்க வேண்டும்.

சுவையின் பயணம்

1976 மே 24 அன்று பாரிசில் பெயர்களை மறைத்து நடந்த ஒரு சுவைத்தேர்வில், பிரெஞ்சு நடுவர்கள் பர்கண்டியின் வெள்ளை வைன்களைவிடக் கலிபோர்னியாவின் ஷார்டனே ஒன்றுக்கு முதலிடம் அளித்தனர். அதன்பின் ஷார்டனேயும் ஓக்கும் உலகெங்கும் பரவின. வெப்ப நிலங்களில் புளிப்புக் குறைந்து ஓக் மிகுந்தபோது சுவை சலித்தது. 1990-களில் 'ஷார்டனே தவிர எதுவும் சரி' என்ற முழக்கமே எழுந்தது. பீப்பாயை ஏற்றுமதி செய்யலாம், கொடியை ஏற்றுமதி செய்யலாம், குளிரைச் செய்ய முடியாது என்பதை அந்தச் சலிப்பு உணர்த்தியது. 'குளிர்நிலம்' ஒரு மதிப்புச் சொல்லாக வணிகத்தில் வேரூன்றியது அதன் பிறகே.

2015-இல் பர்கண்டியின் 1247 தோட்டக் கூறுகள் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன; இயற்கைச் சின்னமாக அல்ல, பண்பாட்டுச் சின்னமாக. அந்த வகைப்பாடு சரியானது. ஆனால் போன் நகரின் கணக்கேடு காட்டும் 13 நாள்கள், அப்பண்பாட்டின் அடிப்படையே நகர்வதைச் சொல்கின்றன. கனி முன்னதாகப் பழுத்தால் புளிப்புக் குறையும். புளிப்புக் குறைந்தால் ஓக்கின் செழுமையைத் தாங்க எதுவும் இராது. முன்னதாகத் தளிர்க்கும் கொடி வசந்தப் பனிக்கும் எளிதில் இரையாகும். எல்லை வரைந்து சட்டத்தால் காத்த நிலம் அங்கேயே இருக்கும். அந்நிலத்துக்குப் பெயர் தந்த குளிர் மெல்ல வடக்கே நகரும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'இம்மண்ணுக்கே உரியது' என்று முத்திரையிடப்பட்ட எந்தப் பண்டத்தையும் ஆய்வுக்கு எடுங்கள்: டார்ஜிலிங் தேயிலையாகட்டும், பாசுமதி அரிசியாகட்டும். புவிசார் குறியீட்டுப் பதிவேடு நிலத்தின் எல்லையைச் சொல்லும். கூலிக் கணக்கும், வனக்குற்றப் பதிவும், தடை ஆணையும் அந்நிலத்தில் உழைத்தவர்களையும் அங்கிருந்து துரத்தப்பட்டவர்களையும் சொல்லும். இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தால்தான் சுவைக்கு வரலாறு எழுத முடியும்.