அப்பாயியின் கரையான் பானையும் டூபியா கரப்பானும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே, பொறுத்துக்கோங்க.

பெங்களூர்ல என் ரூம்மேட் ஒருத்தன் கண்ணாடித் தொட்டியில தாடி ஓணான் வளர்த்தான். ஆஸ்திரேலிய வறண்ட காட்டு உசுரு. கோவம் வந்தா தாடையை உப்பிக் கறுப்பாக்கிக்கும், அதான் அந்தப் பேரு. ஒரு ராத்திரி தீனி தீர்ந்துபோச்சு. பாத்ரூம்ல தள்ளாடிக்கிட்டு இருந்த ஒரு கரப்பானைப் பிடிச்சுப் போட்டுட்டான். மூணாம் நாள் ஓணான் போயிடுச்சு. கால்நடை டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுல பூச்சிக்கு மருந்து வெச்சீங்களா?" வெச்சிருந்தாங்க. எங்களுக்கு அது உறைக்கவே இல்லை.

அடுத்த ஓணான் வந்தப்ப பையன் உஷாராயிட்டான். பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே முட்டை அட்டைகளைச் செங்குத்தா அடுக்கி, டூபியா கரப்பான் வளர்க்க ஆரம்பிச்சான். தென் அமெரிக்காக்காரங்க இவங்க. 1838-ல செர்வில் என்ற பிரெஞ்சுக்காரர் பேர் வெச்சார். வழவழப்பான சுவர்ல ஏறத் தெரியாது. முட்டைக்கூட்டை வெளியே போட்டுட்டுப் போகாம வயித்துக்குள்ளேயே பொரிய வெச்சு, ஒரு ஈத்துக்கு 20, 30 குஞ்சு போடும். 30 டிகிரி சூடு இருந்தா நாலஞ்சு மாசத்துல குஞ்சு பெரிசாயிடும். கேரட், தவிட்டு மாவு போதும். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். இஞ்சினியரிங் படிச்சுட்டு கரப்பான் பண்ணையாடா?

பொங்கலுக்கு மருங்காபுரி போனப்ப இதை அப்பாயிகிட்ட காமெடியா சொன்னேன். அப்பாயி சிரிக்கல. "நான் மட்டும் என்னத்தடா வளத்தேன்?"ன்னுச்சு.

அப்பாயி வளர்த்தது கரையான். எங்க பக்கம் மானம் பாத்த பூமி. கோழிக்குஞ்சுக்குத் தானியம் வாங்கிப் போட வசதி ஏது? ஓட்டைப் பானை ஒண்ணுல காஞ்ச சாணி, கந்தல் சாக்கு, சோளத்தட்டை எல்லாம் திணிச்சு, தண்ணி தெளிச்சு, பொழுது சாயுற நேரம் கரையான் நடமாடுற இடத்துல கவுத்து வெச்சு மேல ஒரு கல்லைத் தூக்கி வைக்கணும். விடிஞ்சு வெயில் ஏறுறதுக்குள்ள பானையைத் தூக்கித் தட்டினா குஞ்சுகளுக்கு விருந்து. தமிழ்நாட்டுல நாட்டுக்கோழி வளர்க்குறவங்க நிறைய பேருக்குத் தெரிஞ்ச வேலைதான் இது.

இதுல கரப்பான் எங்க வந்துச்சுன்னு கேக்குறீங்களா? அங்கதான் மேட்டரே இருக்கு. 1934-லயே கிளீவ்லாண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, மரம் தின்னும் ஒருவகைக் கரப்பானோட குடல்ல இருக்குற நுண்ணுயிரிகள் கரையான் குடல்ல இருக்குறது மாதிரியே இருக்குன்னு விரிவா எழுதினார். 2007-ல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆராய்ச்சியாளர்கள் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்து அடிச்சுச் சொல்லிட்டாங்க: கரையான் தனி வரிசையே இல்ல, கூட்டமா வாழப் பழகின கரப்பான் இனம்தான். ஆக, எங்க அப்பாயி ஆயுசு பூரா கரப்பான் வகையறா வளர்த்துத்தான் கோழி வளர்த்திருக்கு. நான்தான் ரூம்மேட்டைப் பாத்துச் சிரிச்சிருக்கேன். :-)

கரப்பான் வரலாற்றுல பேர்க் குழப்பம் ரொம்ப ஜாஸ்தி. நம்ம சாக்கடையில ஓடுற பெரிய சிவப்புக் கரப்பானுக்கு 1758-ல லின்னேயஸ் 'அமெரிக்கக் கரப்பான்'னு பேர் வெச்சார். அது ஆப்பிரிக்காவுலேர்ந்து கப்பலேறி அமெரிக்கா போனது. சமையக்கட்டுச் சின்னக் கரப்பானுக்கு 1767-ல 'ஜெர்மன்'னு முத்திரை குத்தினார். 2024-ல வெளியான மரபணு ஆய்வு என்ன சொல்லுதுன்னா, அது சுமார் 2,100 வருஷத்துக்கு முன்னாடி இந்தியா அல்லது மியான்மர் பக்கம் ஆசியக் கரப்பான்லேர்ந்து பிரிஞ்சது. சுமார் 1,200 வருஷத்துக்கு முன்னாடி மேற்கே மத்திய கிழக்குக்கும், சுமார் 390 வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பியக் கம்பெனிகள் வியாபாரம் பண்ணின காலத்துல கிழக்கேயும் பரவியிருக்கு. நம்ம பக்கத்துச் சரக்கு, ஜெர்மன் லேபிள்!

பண்ணை வெச்சு வளர்க்குறதுல சீனாக்காரங்க கில்லாடி. மண்ணுக்குள்ள வாழும் ஒருவகைக் கரப்பான் அவங்க பழைய மருந்து நூல்களிலேயே இருக்கு. 2013 ஆகஸ்ட்ல ஜியாங்சு மாகாணத்துல ஒரு பண்ணை சேதமாகி, பத்து லட்சத்துக்கு மேல கரப்பான் ஊருக்குள்ள தப்பிச்சு ஓடினதா செய்தி வந்துச்சு. 2007-ல ரஷ்யாவோட நதேஷ்தா என்ற கரப்பான் விண்வெளியில கருத்தரிச்சு, பூமிக்கு வந்து 33 குஞ்சு போட்டுச்சு. நாம செருப்பைத் தேடிக்கிட்டு இருக்கோம்.

சரி, அப்பாயி ஏன் சிரிக்கல? அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. எங்கப்பா காலேஜ்ல இருந்த சமயம். பரீட்சை ஃபீஸுக்காகவே அப்பாயி ஒரு ஈடு குஞ்சு வளர்த்துக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துத் தோட்டத்துல கரையானுக்கு பி.எச்.சி. பொடி தூவியிருந்தது தெரியாம, அந்த வரப்போரமா பானையைக் கவுத்துடுச்சு. பானையில வந்த கரையானைத் தின்ன பதினோரு குஞ்சும் சாயங்காலத்துக்குள்ள சாஞ்சுபோச்சு. தோட்டை அடகு வெச்சுத்தான் ஃபீஸ் கட்டினாங்க. அந்தத் தோடு திரும்பி வரவே இல்லை. அந்தப் பொடியை இந்திய அரசு தடை செஞ்சது 1997-ல.

"தீனிய நீயே வளத்தா, அது என்னத்த தின்னுச்சுன்னு ஒனக்குத் தெரியும். ஊர்ல கெடக்குறத பொறுக்கிப் போட்டா, எவன் என்ன வெச்சான்னு யாருக்குத் தெரியும்?"ன்னுச்சு அப்பாயி. டாக்டர் கேட்ட கேள்விக்கும் இதுதானே பதில்? டூபியா வளர்க்குறவங்க சொல்ற முதல் காரணமும் இதேதான்.

வளர்க்க நினைக்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. வெளிநாட்டுக் கரப்பானைத் தப்பித் தவறியும் வெளியே விட்டுடாதீங்க. டப்பாவைச் சுத்தம் பண்றப்ப மூக்கைக் கட்டிக்கோங்க, அந்தத் தூசி சிலருக்கு இழுப்பைக் கொண்டுவரும். ஓணான் ஆசையில நம்ம ஊர் உடும்பைத் தொட்டீங்கன்னா, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல கம்பி எண்ண வேண்டியதுதான்.

கிளம்புறப்ப அப்பாயி சுவத்துப் பல்லியைக் காட்டி, "இதுக்கு யாரு டப்பா வெச்சா?"ன்னு கேட்டுச்சு. பதில் சொல்லத் தெரியல. ஆனா அந்த ஓட்டைப் பானை இன்னும் கொல்லையில இருக்கான்னு மட்டும் போய்ப் பாத்துட்டு வந்தேன். இருக்கு.