மட்டமும் மட்டக்குதிரையும்

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் நோக்கிச் செல்லும் பெருவழியில் உள்ளது கழக்கூட்டம். இன்று அவ்வூரின் பெயரைக் கேட்டால் 1990இல் தோன்றிய டெக்னோபார்க்கும், 1962இல் நிறுவப்பெற்ற சைனிக் பள்ளியும் நினைவுக்கு வரும். பழைய வரலாற்றில் தோய்ந்தவர்க்கோ, எட்டுவீட்டில் பிள்ளைமாருள் ஒருவராகிய கழக்கூட்டத்துப் பிள்ளை நினைவுக்கு வருவார். வேணாட்டு மன்னருக்கு அடங்காதிருந்த அத்தலைவர்களை ஒடுக்கும்பொருட்டு, 1726இல் அரசர் ராமவர்மர் திருச்சிராப்பள்ளி வரை சென்று, மதுரை நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு படையுதவி பெற்றார். அப்படையில் குதிரை வீரரும் இருந்தனர். மழையும் சேறும் மிகுந்த இந்நாட்டில் குதிரை என்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த பொருளே. மன்னர் சுவாதித் திருநாள் எழுப்பிய குதிரை மாளிகையில் கூரையைத் தாங்கி நிற்கும் 122 குதிரைகளும் மரக் குதிரைகளே அல்லவா?

இத்தகைய ஊரில் வாழும் நாம் குதிரையின் உயரத்தைப் பற்றி எண்ண நேர்ந்தது ஒரு பிழையினால். மொழிபெயர்ப்பே நம் தொழில். ஒரு குதிரைக் காட்சியின் விதிகளைத் தமிழாக்கும் வேலை நம்மிடம் வந்தது. மட்டக்குதிரை 14.2 கைகளுக்கு மேற்படலாகாது என்று மூலத்தில் இருந்தது. நாமும் ஐயுறாமல் ‘பதினான்கு புள்ளி இரண்டு கை’ என்று எழுதிவிட்டோம். குதிரைப்படையில் ரிசால்தாராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் அதைப் படித்துப் பார்த்து, “ஐயா, குதிரையின் உயரத்தில் ஓர் அங்குலத்திற்கு மேல் வெட்டிவிட்டீர்களே!” என்றார். அங்கே புள்ளி தசமப் புள்ளியன்று. பதினான்கு கையும் அதற்கு மேல் இரண்டு அங்குலமும் என்பதே பொருள். ஒரு கை நான்கு அங்குலம்; ஆகவே 14.2 என்பது 58 அங்குலம். நாம் எழுதியவாறு கணக்கிட்டாலோ 56.8 அங்குலந்தான் வரும். அச்சேறியிருந்தால், தகுதியுடைய குதிரைகள் பல வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கும். நாணத்தோடு திருத்தினோம். இவ்வளவு சிறிய வேறுபாட்டுக்கு இத்துணை மதிப்பு ஏன் என்று தேடத் தொடங்கியதும் அன்றுதான்.

குதிரையின் உயரம் என்பது தலையின் உயரமன்று. தலை நிமிரும், தாழும். அதை நம்பி அளக்க இயலாது. கழுத்து முடியும் இடத்தில், இரு தோள்களுக்கும் நடுவே, அசையாது உயர்ந்து நிற்கும் மேடு ஒன்றுண்டு. தரையிலிருந்து அத்தோள்மேட்டின் உச்சி வரை உள்ள செங்குத்தான அளவே குதிரையின் உயரம்.

இவ்வாறு குதிரையை அளந்து தரம் பிரிக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. கௌடலியரின் அர்த்தசாஸ்திரத்தில் குதிரைத் தலைவனின் கடமைகளைக் கூறும் அதிகாரம் ஒன்று உண்டு. 1909இல் மைசூரில் சாமசாஸ்திரியார் முதன்முதலாக அச்சிட்ட அந்நூலை, 1924, 1925ஆம் ஆண்டுகளில் உரையோடு பதிப்பித்தவர் நம் திருவனந்தபுரத்துக் கணபதி சாஸ்திரியார். உத்தமக் குதிரையின் முகம் 32 அங்குலம். உடல் நீளம் முகத்தைப் போல் ஐந்து மடங்கு. கணைக்கால் 20 அங்குலம். உயரம் கணைக்காலைப் போல் நான்கு மடங்கு. சுற்றளவு 100 அங்குலம் என்று அந்நூல் கூறுகிறது. இடைத்தரமும் கடைத்தரமும் இவற்றிற் சில அங்குலம் குறைந்தவை. உயரம் 80 அங்குலம் என்று கண்டு மலைக்க வேண்டா. அந்த அங்குலம் விரற்கிடை. ஆங்கில அங்குலத்தில் ஏறத்தாழ முக்கால் என்று கொள்வர். அவ்வாறாயின் 60 ஆங்கில அங்குலம், அதாவது சரியாகப் பதினைந்து கை ஆகும்.

கௌடலியர் அளக்கச் சொன்னது அழகு பார்ப்பதற்காகவன்று. தரத்திற்கேற்பவே குதிரைக்குத் தானியம் அளக்கப்பட்டது. அளவைக் கூட்டிச் சொன்னால் கருவூலத்திலிருந்து கூடுதலாகத் தீனி போகும். ஆகவே அக்காலத்தில் யாரேனும் பொய் சொல்ல விரும்பியிருந்தால், குதிரையை உயர்த்திச் சொல்லவே விரும்பியிருப்பர். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இது தலைகீழாக மாறுவதைக் காண்போம்.

பாண்டிய நாட்டில் உயரமான அரபுக் குதிரைக்கு இருந்த மோகத்தை அயல்நாட்டார் எழுதிவைத்துள்ளனர். கீசுத் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்புவதென்றும், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் என்றும், வழியில் இறந்தவற்றுக்கும் விலை கொடுப்பதென்றும் ஏற்பாடு இருந்ததாகப் பாரசீக ஆசிரியர் வஸ்ஸாஃப் கூறுகிறார். விஜயநகரத்தில் சாளுவ நரசிம்மர் கடலில் இறந்த குதிரையின் வாலைக் கொணர்ந்தாலே போதுமென்று முழு விலை கொடுத்தார் என்று போர்ச்சுகீசியரான நூனிஸ் எழுதுகிறார். வாலுக்கு உயரம் ஏது? இந்நாட்டில் நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெண் குதிரையையும் சேர்த்தாலும், கால் கோணிய சிறு குட்டியே பிறக்கிறது என்று மார்க்கோ போலோ இகழ்ந்தார். அவர் இகழ்ந்த அந்தச் சிறிய உருவந்தான் இன்று வேறு நாடுகளில் காட்சிக்கு வைத்துப் பரிசளிக்கும் பொருளாயிற்று.

ஐரோப்பாவிலும் சிறுமைக்கு முதலில் மதிப்பில்லை. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னர் பதினாறாம் நூற்றாண்டில் இயற்றிய சட்டம், பொது மேய்ச்சல் நிலங்களில் பதினைந்து கைக்குக் குறைந்த ஆண் குதிரையை விடலாகாது என்றது. பின்னர்ப் பந்தயம் பரவியபோதுதான் உயரம் நியாயத்திற்குரிய கேள்வியாயிற்று. நெட்டைக் குதிரையும் குட்டைக் குதிரையும் ஒன்றாக ஓடினால் எது வெல்லும் என்பதில் ஐயமென்ன? ஆகவே பதினான்கு கை உயரமுள்ள குதிரை 126 பவுண்டு சுமக்க வேண்டும். அதற்கு மேல் ஓர் அங்குலத்திற்கு ஏழு பவுண்டு கூட்டுக, கீழே ஓர் அங்குலத்திற்கு ஏழு பவுண்டு குறைக்க என்று பதினெட்டாம் நூற்றாண்டில் விதி செய்தனர். சென்னைக் கிண்டியில் 1777இல் குதிரைப் பந்தயம் தொடங்கிய காலம் அது. இந்நாட்டில் பின்னர் வழங்கிய மட்டக்குதிரைப் பந்தயங்களிலும் அங்குலத்திற்கேற்ற சுமை என்னும் முறை நிலவியது. ஓர் அங்குலம் குறைத்து அளக்கச் செய்தால் ஏழு பவுண்டு ஆதாயம்! பொய்யின் திசை மாறியது இங்கேதான். முன்னர் உயர்த்திச் சொன்னவர் இப்போது தாழ்த்திச் சொல்லலாயினர்.

போலோ விளையாட்டின் கதை இன்னும் வருந்தத்தக்கது. மணிப்பூரில் அம்மண்ணின் சிறு குதிரைகள் மீதேறி ஆடிய ஆட்டத்தைக் கண்டு ஆங்கிலேயர் 1859இல் சில்சாரில் சங்கம் அமைத்தனர். இங்கிலாந்துக்குச் சென்ற அவ்வாட்டத்தில் முதலில் பதினான்கு கை என்று வரம்பிட்டனர், 1890களில் 14.2 ஆக்கினர், முதல் உலகப் போருக்குப் பின் வரம்பையே நீக்கினர். வரம்பு உயர உயர, ஆட்டத்தைப் பெற்றெடுத்த மணிப்பூர்க் குதிரை அதன் பெரிய களங்களிலிருந்து வெளியேறியது. இன்று அவ்வினம் அருகிவிட்டது. அதைக் காப்பதற்காக மணிப்பூர் அரசு 2016இல் ஒரு கொள்கையே வகுக்க வேண்டியதாயிற்று. காகிதத்தில் இரண்டு அங்குலம். களத்தில் ஓரினத்தின் வாழ்வு.

சிறுமையே சிறப்பாகிய வரலாறு ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளைச் சார்ந்தது. 1842இல் இங்கிலாந்தில் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் சுரங்கத்தினுள் வேலை செய்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. குழந்தைகள் இழுத்த நிலக்கரி வண்டிகளை, தாழ்ந்த சுரங்க வழிகளில் நுழையவல்ல இச்சிறு குதிரைகள் இழுக்கலாயின. அதனால் குட்டையான குதிரைக்கு விலை ஏறியது. லண்டன்டெரி பிரபு 1870களில் அதற்கெனவே பண்ணை நடத்தினார். 1890இல் இனப்பதிவுச் சங்கம் தோன்றிற்று. ஷெட்லாந்துக் குதிரைக்கு உயர்ந்த வரம்பு 42 அங்குலம். அமெரிக்காவில் 1978இல் தோன்றிய குறுங்குதிரைச் சங்கமோ 34 அங்குலத்துக்கு மேல் ஏற்பதில்லை. ஏறக்குறைய நம் மேசையின் உயரத்தினும் சிறிதே கூடுதல்.

இதிலே ஒரு வேடிக்கை. அச்சங்கம் தோள்மேட்டின் உச்சியை அளப்பதில்லை. பிடரிமயிரின் கடைசி மயிர் முளைக்கும் இடத்தை அளக்கிறது. அவ்விடம் உச்சிக்குச் சற்றுக் கீழே அமைவது வழக்கம். எனவே ஒரே குதிரைக்கு ஒரே நாளில் இரண்டு உயரம் உண்டு. எந்த விதியைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

அளக்கும் முறையை நம் ரிசால்தார் நண்பர் விளக்கிக் காட்டினார். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும், புல்தரை ஆகாது. செங்குத்தான கோலில் குறுக்குச் சட்டம் ஏறி இறங்கும். அதில் ரசமட்டம் பதித்திருக்கும். குதிரை நான்கு கால்களிலும் சமமாக நிற்க வேண்டும்; தலை மிகத் தூக்கலாகாது, மிகத் தாழவும் ஆகாது. மட்டக்குதிரையை ரசமட்டம் வைத்து மட்டம் பார்க்கிறோம் என்று கூறி அவர் நகைத்தார். குட்டை என்பதற்கும் சமநிலை என்பதற்கும் தமிழில் ஒரே சொல் வாய்த்திருப்பது மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு மகிழ்ச்சியளித்தது.

அதன்பின் அவர் சொன்னது மகிழ்ச்சியளிக்கவில்லை. வரம்புக்குள் நிற்கும் குதிரை சிறுவர்கள் ஏறும் பந்தயங்களில் பரிசு பெறும். அதனால் விலை மிகும். வரம்பை மயிரிழை கடந்தாலும் பெரிய குதிரைகளோடு போட்டியிட வேண்டும், விலை சரியும். ஆகவே சிலர் அளக்கும் நாளுக்கு முன்பு குதிரையைக் களைக்க ஓட்டுவர், தண்ணீர் மறுப்பர், குளம்பைச் சதை தெரியுமளவு சீவுவர். தோள்மேட்டில் கோல் பட்டவுடன் ஊசியால் குத்திக் குத்திப் பழக்கி, கோலைக் கண்டாலே முதுகை உள்ளிழுக்கச் செய்வோரும் உண்டு. இதனால்தான் பிரிட்டனில் அளவையைக் கால்நடை மருத்துவரிடம் ஒப்படைத்தனர். லாடம் கழற்றி அளப்பர். துன்புறுத்தப்பட்டதாகத் தோன்றும் குதிரையை அளக்க மறுக்கவும் மருத்துவருக்கு உரிமையுண்டு. வளரும் வயதில் ஆண்டுதோறும் அளந்து, ஏழு வயதுக்குப் பின்னரே நிலையான சான்று தருவர். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் லாடமின்றி 148 சென்டிமீட்டர், லாடத்தோடு 149 என்று விதித்துள்ளது. கையும் அங்குலமும் இல்லாததால் நம்மைப் போன்றோர் இடறி விழவும் அங்கே வழியில்லை.

நம் தமிழ்நாட்டில் ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிப் பெரிய குதிரைச் சந்தை கூடும். நெடிதுயர்ந்த மார்வாரிக் குதிரைகளைச் சுற்றிக் கூட்டம் நெருக்கும். பக்கத்திலேயே மட்டக்குதிரைகளும் நிற்கும். குழந்தைகள் அவற்றைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். இங்கே இன்னும் உயரமே பெருமை. கௌடலியரின் பக்கமே நாம் நிற்கிறோம்.

நம் மொழிபெயர்ப்பின் முடிவைச் சொல்லிவிடுகிறோம். ‘14 கை 2 அங்குலம் (58 அங்குலம்), தோள்மேட்டின் உச்சியில், லாடமின்றி அளந்தது’ என்று திருத்தி எழுதினோம். மூலத்தைவிட நீண்டுவிட்டதே என்று மேலே ஒரு குறிப்பு வந்தது. ரிசால்தாரை அழைத்துச் சென்று விளக்கிய பிறகு அவ்வாறே அச்சாயிற்று.