தைத்த ஏடுகளும் எண்ணிட்ட படியும்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை அவருடைய இதழில் வாரந்தோறும் வெளிவந்தது. மணியத்தின் சித்திரங்களோடு அப்பக்கங்களைப் பிரித்தெடுத்து, நூலால் தைத்து, அட்டையிட்டுப் பேணினர் வாசகர். 1999இல் தமிழக அரசு கல்கியின் படைப்புகளை நாட்டுடைமையாக்கிற்று. இன்று அந்நாவலை யாரும் அச்சிடலாம். கைபேசியிலும் இலவசமாகப் படிக்கலாம். ஆயினும் அன்று தைத்த தொகுப்புகளைத் தேடுவோர் இன்றும் உளர்.

இப்பொழுதோ, சரித்திர நாவலின் மின்படிக்கு எண்ணிட்டு, வாங்குபவர் பெயரை மின்பேரேட்டில் பதிந்து, அபூர்வப் பொருளாக விற்கும் முறை வந்துள்ளது. ஒரே அளவில் ஆயிரம் பனியன்கள் தைக்கும் திருப்பூருக்கு இது விந்தையே. படியெடுப்பதால் தேயாத ஒன்றுக்கு வலிந்து பஞ்சம் உண்டாக்குகிறார்கள். எழுத்தாளருக்கு வருவாய் வேண்டியதுதான். ஆனால் வாங்கியவர் கையில் சேர்வது பெரும்பாலும் அப்பதிவு மட்டுமே, பதிப்புரிமை அன்று. தைத்த அந்தப் பழைய கட்டுகளோ வீடு வீடாக இரவல் போய்த் திரும்பியே நைந்தன.