நாங்கள், நீங்கள்

சங்க ஊர்வலங்களில் ஆண் முழக்கத்தை எடுத்துக் கொடுப்பார். பெண்கள் திருப்பிச் சொல்வார்கள். 2015 செப்டம்பரில் கேரளத்தின் மூணாறில் அந்த வழக்கம் உடைந்தது. பாதியாகக் குறைத்த போனஸை மீண்டும் 20 சதவீதமாக்கக் கோரி, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’யாகச் சாலையில் அமர்ந்தார்கள். சங்கத் தலைவர்களை அண்டவிடவில்லை.

கொழுந்துக்கூடை சுமப்பவர் யார், பணத்தை அள்ளுபவர் யார் என்று பிரித்துக் காட்டிய முழக்கங்கள், ‘நாங்கள்’, ‘நீங்கள்’ என்று மாறி மாறி முடிந்தன. வகுப்பில் இயைபு நடத்துகிற நான், அதன் பயனைக் காணொளிகளில் அவர்களிடம்தான் கற்றேன். முடிகிற சொல் தெரிந்திருந்ததால் அடுத்த அடியை எவளும் தொடங்கலாம், தலைவர் தேவைப்படவில்லை.

ஒன்பதாம் நாளில், கருணைத்தொகையும் சேர்த்து, 20 சதவீதம் கிடைத்தது. கூலி பின்னர் 301 ரூபாயில் நின்றது, கேட்டது 500. ஆனால் ஏட்டுக்குள் கிடந்த கணக்கு அவர்கள் வாய்க்கு வந்துவிட்டது.