கார் பாலிஷ் வரலாறு: பெயிண்ட் மாறியது, பழக்கம் மாறவில்லை

காரில் விழுந்த கீறலை "பாலிஷ் போட்டு மறைத்தாச்சு" என்கிறோம். நிஜத்தில் நடப்பது என்ன? கீறல் என்பது ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை பாலிஷால் நிரப்ப முடியாது. அதனால் சுற்றி இருக்கும் பெயிண்டை பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் சீவி எடுத்து விடுகிறோம். அவ்வளவுதான் பாலிஷ்! ஒவ்வொரு முறை மெஷின் ஓடும்போதும் கொஞ்சம் பெயிண்ட் போகிறது. போனது திரும்பி வராது.

அப்படியானால் எவ்வளவு சீவலாம்? எந்த பேட், எந்த பாலிஷ்? இதற்குப் பதில் வண்டியில் அடித்திருக்கும் பெயிண்டைப் பொறுத்தது. எங்கள் அவனியாபுரத்தில் ஏதாவது ஒரு பெயிண்ட் பட்டறையில் அரை மணி நேரம் நின்றால் போதும். பட்டி, வாட்டர் பேப்பர், டியூகோ, காம்பவுண்டு, பஃபிங் என்று வார்த்தைகள் காதில் விழும். இவை எல்லாம் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. குதிரை வண்டிக் காலம்

முதல் கார்களுக்கு பெயிண்ட் அடித்தவர்கள் கோச் வண்டி செய்தவர்கள்தான். சென்னையில் 1840ல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி குதிரை வண்டி கட்டிய கம்பெனி. பிறகு மோட்டார் வண்டிக்கு மாறியது. 1903ல் அங்கே ஒரு நீராவிக் காரே செய்தார்கள்.

அந்தக் கால பெயிண்ட் எண்ணெயும் வார்னிஷும் கலந்தது. பிரஷ்ஷால் ஒரு கோட் அடித்து, காய விட்டு, தேய்த்து, மறுபடி அடிக்க வேண்டும். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். தேய்க்கப் பயன்பட்டது எரிமலை நுரைக்கல் பொடி, தண்ணீர், கம்பளித் துணி. அப்போதே "பேட்" கம்பளி, "பாலிஷ்" கல்பொடி. கையால் தேய்ப்பதால் சூடு கிடையாது, வேகம் கிடையாது. தப்பு நடந்தாலும் மெதுவாகத்தான் நடக்கும் :-)

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கருப்பு நிறத்தில் மட்டும் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். பெயிண்ட் காய்வதற்காகத் தொழிற்சாலை காத்திருக்க முடியாது என்பதுதான் அதன் பின்னால் இருந்த தலைவலி.

2. டியூகோ வந்தது

முதல் உலகப் போரில் வெடிமருந்து செய்து பெரிதான கம்பெனி டூபான்ட். போர் முடிந்ததும் நைட்ரோ செல்லுலோஸை என்ன செய்வது? புகையில்லா வெடிமருந்துக்கும் அன்றைய சினிமா பிலிமுக்கும் அதுதான் மூலப்பொருள். அதையே கரைத்து ஸ்ப்ரே செய்யும் பெயிண்டாக ஆக்கினார்கள். அதன் பெயர்தான் டியூகோ. ஜெனரல் மோட்டார்ஸ் தன்னுடைய 1924ம் வருட ஓக்லண்ட் கார்களுக்கு நீல நிற டியூகோ அடித்தது. வாரக்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிந்தது.

அதே கால கட்டத்தில்தான் 3எம் கம்பெனி தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளைக் கொண்டு வந்தது (1921). நம் பட்டறைகள் சொல்லும் வாட்டர் பேப்பர் அதுதான். இந்தியாவில் இந்த மாதிரி அரைக்கும், தேய்க்கும் பொருட்களைச் செய்ய 1954ல் சென்னையில் முருகப்பா குழுமம் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியைத் தொடங்கியது.

நம்ம மதுரைக்கு வருவோம். இங்கே மோட்டார் என்றாலே டி.வி.எஸ். தான். சுந்தரம் ஐயங்கார் 1911ல் பஸ் சர்வீஸோடு தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல் பம்பாயில் கார்களை அசெம்பிள் செய்ய ஆரம்பித்தது. அந்தக் கம்பெனி வண்டிகளை நம் பக்கத்தில் விற்றதும் டி.வி.எஸ். தான். 1972ல் பஸ்கள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வரும் வரை மதுரை ரோடுகளில் டி.வி.எஸ். பஸ்கள் ஓடின.

சரி, டியூகோவுக்கும் பாலிஷுக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. நைட்ரோ செல்லுலோஸ் பெயிண்டில் (பட்டறையில் என்.சி. என்பார்கள்) தின்னர் ஆவியாகிப் போனதும் படலம் நின்றுவிடும். ஆனால் ஸ்ப்ரே செய்த உடனே அது மினுங்காது. மங்கலாக, ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கும். வாட்டர் பேப்பர் போட்டு, ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால்தான் பளபளப்பு. அதாவது காம்பவுண்டு என்பது பெயிண்ட் வேலையின் கடைசிப் படி. அதைத் தெரிந்தே பெயிண்டர் பல கோட் கூடுதலாக அடிப்பார். சீவுவதற்கென்றே கொடுத்த பெயிண்ட் அது.

வெயிலில் நின்று வெளுத்துப் போனாலும் கவலை இல்லை. மறுபடி காம்பவுண்டு போட்டால் செத்த பெயிண்ட் துணியில் வந்துவிடும், அடியிலிருந்து புது நிறம் எட்டிப் பார்க்கும். அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் பட்டறைகள் கற்றுக்கொண்ட பாடம் இது: கம்பளி பேட், கெட்டியான காம்பவுண்டு, வேகமான மெஷின். அந்தப் பெயிண்டுக்கு அது நூற்றுக்கு நூறு சரியான ஜோடி.

3. கிளியர் கோட் காலம்

1980களில் வெளிநாடுகளில் பரவி, 1990களுக்குப் பிறகு நம் ஊர்க் கார்களிலும் சாதாரணமாகிவிட்டது கிளியர் கோட். கீழே நிறம் மட்டும் மெல்லியதாக ஒரு படலம். அதன் மேல் நிறமே இல்லாத கண்ணாடி மாதிரி ஒரு படலம். மினுமினுப்பு, வெயிலைத் தடுப்பது எல்லாம் அந்த மேல் படலத்தின் வேலை.

இதன் கனம் எவ்வளவு தெரியுமா? சுமார் 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான். முடியை விட மெல்லிய படலம்தான் முழு வண்டியையும் வெயிலிலிருந்து காக்கிறது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருளும் அதற்குள்தான் இருக்கிறது. அதைச் சீவிச் சீவிக் குறைத்தால் மதுரை வெயில் சும்மா விடுமா? சில வருடங்களில் பானெட்டிலும் கூரையிலும் பாம்பு சட்டை உரிப்பது போல உரிய ஆரம்பிக்கும். பிறகு பாலிஷுக்கு வேலை இல்லை, முழு பெயிண்ட்தான்.

இன்னொரு தொல்லை. கிளியர் கோட் மேல் கம்பளி பேடை வேகமாக ஓட்டினால் வெயிலில் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டக் கோடுகள் தெரியும். டியூகோ காலத்து பேடும் காம்பவுண்டும் இன்றைய காரில் பதிக்கிற முத்திரை அது. இதற்குத் தீர்வாகத்தான் ஸ்பாஞ்ச் மாதிரியான ஃபோம் பேடுகள் வந்தன. சுற்றுவதோடு ஆடவும் செய்யும் டூயல் ஆக்ஷன் மெஷின்களும் பரவின. ஒரே இடத்தில் சூடு ஏறாததால் புதிதாகக் கற்பவர் கையிலும் பெயிண்ட் எரிவது குறைவு.

4. அப்படியானால் எந்த ஜோடி?

முதலில் வண்டியில் எந்தக் காலத்துப் பெயிண்ட் என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில், வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்துத் தேயுங்கள் (வெள்ளைக் கார் என்றால் கருப்புத் துணி). துணியில் வண்டியின் நிறம் வந்தால் பழைய வகை. வராவிட்டால் பெரும்பாலும் கிளியர் கோட்.

பிறகு மென்மையான ஜோடியிலிருந்து ஆரம்பியுங்கள்:

- லேசான மங்கல்: மெத்தென்ற ஃபோம், மெல்லிய பாலிஷ்
- வட்டக் கோடுகள்: நடுத்தர ஃபோம், நடுத்தர பாலிஷ்
- ஆழமான கீறல்: கெட்டி ஃபோம் அல்லது கம்பளி, கூடவே காம்பவுண்டு. அதன் பிறகு மெல்லிய ஜோடி கட்டாயம்

இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் முயற்சி செய்துவிட்டு, போதவில்லை என்றால் மட்டும் அடுத்த படி. முதலில் பாலிஷை மட்டும் மாற்றிப் பாருங்கள், பிறகு பேடை. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆரஞ்சு, வெள்ளை, கருப்பு என்று பேடின் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும். காய்ந்த பாலிஷ் ஏறிய பழைய பேடும் ஒரு உப்புத்தாள்தான். கதவு ஓரம், மடிப்புகளில் பெயிண்ட் இன்னும் மெல்லியது, அங்கே மெஷினை அழுத்த வேண்டாம். நம்ம ஊரில் முக்கியமான ஒன்று, சூடான தகட்டில் பாலிஷ் உடனே காய்ந்துவிடும். நிழலில், காலை நேரத்தில் செய்யுங்கள்.

சமீப வருடங்களாக அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் சிறந்த மாடுபிடி வீரருக்குக் கார் பரிசு கொடுக்கிறார்கள். அந்த வண்டிகள் எல்லாம் கிளியர் கோட் வண்டிகள். ஆனால் பாலிஷ் போடும் வழக்கம் பல இடங்களில் இன்னும் அம்பாசடர் காலத்தில்தான் நிற்கிறது. பட்டறைக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் தங்கள் குருவிடம் கற்றது ஒரு காலத்தில் உண்மைதான், பெயிண்ட்தான் சொல்லாமல் மாறிவிட்டது. அதனால் அடுத்த முறை "ஃபுல் பஃபிங் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால், "எந்த பேட் அண்ணே?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்.

உங்கள் வண்டியில் பார்த்ததை எழுதுங்கள் நண்பர்களே.